மரக்குதிரை மேல் சவுந்தரம்

எங்கள் டத்தோ கிராமாட் பக்கம் ஆரோக்கியநாதன் அண்ணனைப் பழைய பேப்பர்காரர் என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு நானும் கூடப் போகவேண்டும். வெயிலில் குந்தி உட்கார்ந்து எழுபதுகளில் வந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுவார். கதை படிக்கமாட்டார், விளம்பரங்களை மட்டும் பார்ப்பார். கூந்தல் தைலம், பல்பொடி, ரேடியோ. எதுவும் பிடிக்காமல் உதட்டைப் பிதுக்குவார். ஆனாலும் கடைக்காரர் அப்துல் ஹமீது முகம் வாடக்கூடாது என்று இரண்டொன்றை வாங்கிக்கொள்வார்.

மகள் பிரிஸில்லா கேட்டால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவார். உண்மையை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அவர் மனைவி சவுந்தரம் அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ராட்டினமும் பேய்வீடும் மலாய்க்காரர்களின் ரொங்கெங் ஆட்ட மேடையுமாக ஊரே அங்கேதான் கிடக்குமாம். அந்தப் பூங்கா ஒரு தீபாவளி மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. மாடலுக்குச் செலவு செய்ய மனமில்லாமல், அக்காவையே குடைராட்டினத்து மரக்குதிரையில் ஏற்றிப் படம் பிடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயது, வாய் நிறையச் சிரிப்பு. முடிதிருத்தும் கடையில் அந்தப் பக்கத்தைப் பார்த்த அண்ணன், அடுத்த வாரமே பூங்காவுக்குப் போய் அதே ராட்டினத்தில் ஏறி, தலைசுற்றி வாந்தி எடுத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அக்காதான்.

பூங்கா இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கார் நிறுத்தம். அக்கா போய் நான்கு வருஷமாகிறது. கல்யாணப் படத்தில் முக்காட்டுக்குள் தலை குனிந்திருப்பார். அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் உதட்டை இறுக மூடியிருப்பார். வீட்டிலிருந்த மலரோ எப்போதோ தொலைந்துவிட்டது.

"சிரிச்ச மொகமே மறந்துபோச்சு தம்பி. கண்ண மூடினா ஆஸ்பத்திரி மொகந்தான் வருது," என்றார் அண்ணன்.

அன்றோடு கேலியை நிறுத்தினேன். மகளிடம் சொல்லுங்கள், அவளும் தேடுவாள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். பெண்டாட்டி படத்தைத் தேடி அலைவதைப் பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று பிரிஸில்லா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தாள். அலமாரியை நகர்த்த என்னையும் கூப்பிட்டார்கள். நகர்த்தினால், அதன் பின்னால் தூசி படிந்து கிடக்கிறது அந்தத் தீபாவளி மலர். அண்ணன் தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார். நடுவில் ஒரு தாள் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. யார் வெட்டியது என்று கேட்டார்.

"அம்மாதான்ப்பா," என்றாள் பிரிஸில்லா. "குதிரை மேல உக்காந்திருக்கிற படம்தானே? ஜெபப் புத்தகத்துக்கு அட்ட போட்டுக்கிட்டாங்க. கோயில்ல யாராச்சும் பாத்தா வெக்கம்லா, அதான் படம் உள்பக்கம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இறந்தவர் கையில் செபமாலையைச் சுற்றி, தினமும் படித்த ஜெபப் புத்தகத்தையும் நெஞ்சின்மேல் வைத்து அனுப்புவது எங்கள் குடும்பங்களில் வழக்கம். அக்காவின் அடக்கத்தன்று யாரோ புத்தகத்தை எடுக்கப் போனபோது, அது தன் வேலை என்று வாங்கிச் சவப்பெட்டிக்குள் வைத்தவர் அண்ணன்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "என் கையாலேயே பொதைச்சிட்டேனே," என்றார். எதைத் தேடி அலைந்தார் என்று பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ வருஷம் அந்தப் புத்தகம் அவர் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒருநாள்கூட அவர் அதைத் திறந்ததில்லை.

"ஒரு தடவ எங்கிட்ட காட்டியிருக்கலாம்லா அவ," என்றார் என்னைப் பார்த்து.

நீங்கள் ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியின் பின்பக்கத் தூசியைத் துடைக்கப் போனேன்.