‘ஏலாது’ என்று பாடிய தட்டு

இன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய ரேடியோ திருத்தும் கடையில், சுழன்றுகொண்டிருந்த ஓர் இசைத்தட்டில் அப்பாவின் குரலைக் கேட்டேன்.

எழுபதுகளில் அப்பா ஒரு பொப் இசைக்குழுவில் ஓகன் என்ற கீபோட் வாத்தியம் வாசித்தார். பாட்டுகளையும் அவரே எழுதினார். பெயர் பாடகருக்குப் போனது. பிறகு அப்பா அந்தப் பாட்டுகளைத் தானே பாடி இரண்டு இசைத்தட்டுகள் போட்டார். அவை அவ்வளவாக விற்கவில்லை. வீட்டில் இருந்த பிரதிகளும் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டன.

“இது அந்தக் குழுவின்ர பாட்டுத்தானே, நானா?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கடைக்கார முஸ்லிம் அண்ணரிடம் கேட்டேன்.

“பாட்டு அதுதான் தங்கச்சி. ஆனா இது ஓகன் வாசிச்சவர் தனியாப் போட்டது. குரல் கொஞ்சம் கரகரப்புத்தான். வடிவாக் கேளுங்க. மற்றவர் ‘மறக்க முடியாது’ எண்டு பாடினார், சினிமாக்காரன் மாதிரி. இவர் ‘மறக்க ஏலாது’ எண்டுறார். நம்மட ஆள்.”

அப்பா முதலில் எழுதியதே ‘ஏலாது’தான். பாட்டில் வரக்கூடிய சொல்லாகப் பாடகருக்கு அது படவில்லை.

நான் அவருடைய மகள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் விலையைக் கேட்டேன்.

“விக்க ஏலாது தங்கச்சி. இது நான் கேக்கிறதுக்கு.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “ஓமோ? மற்றத் தட்டும் வச்சிருக்கிறாரோ?”

இரண்டில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தால் சொல்லுங்கள். விற்க ஏலாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.