அரை அந்தர்

எங்கள் ஐயா தோணித் தண்டையல். பருத்தித்துறையிலிருந்து சரக்குத் தோணிகளைக் கடலில் கொண்டு நடத்துவது அவர் தொழில். தோணிகளின் பெயர் அவருக்கு அவ்வளவாக நினைவில் நிற்காது. எது எத்தனை அந்தர் கொள்ளும் என்பது மட்டும் மறக்காது. நூற்றுப்பன்னிரண்டு றாத்தல் ஓர் அந்தர். கரையில் பழகிய வாய் வீட்டுக்கு வந்தும் அடங்காது. பெரியப்பா இரண்டு அந்தர், சித்திக்குப் பார்த்த மாப்பிள்ளை ஒன்றேகால் அந்தர். அம்மாவின் கோபத்தை மட்டும் அவர் நிறுத்துச் சொன்னதில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை, ஐயாவோடு தோணியில் போகவேண்டும். வருடத்தில் பாதி நாள் அவர் கடலில்தான். அவர் இல்லாத வீட்டில் எனக்கு எதிலும் மனம் ஒட்டாது. புறப்படும்போதெல்லாம் நானும் வருகிறேன் என்று அவர் காலைக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் குனிந்து சொன்னார்:

“அரை அந்தருக்குக் குறைஞ்ச சரக்கை நாங்கள் ஏத்திறேல்லை, பிள்ளை. அரை அந்தர் வந்தாப்பிறகு கூட்டிக்கொண்டு போறன்.”

கரையோரச் சரக்குக் கிட்டங்கியில் பெரிய தராசு ஒன்று முகட்டு வளையில் தொங்கியது. அச்சுவேலிப் பக்கத்துக் கமக்காரர் புகையிலையைக் கொண்டுவந்து அதில்தான் நிறுப்பார்கள். முள்ளை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள், நிறுக்கிறவரின் காலைத்தான் பார்ப்பார்கள். தட்டுகள் நிலத்தோடு தாழத் தொங்குவதால், படிக்கல் இருக்கும் தட்டைப் பெருவிரலால் மெல்ல மிதித்தால் போதும், எதிர்த் தட்டில் ஒரு கட்டுப் புகையிலை காணாமல் போய்விடும். “அண்ணை, காலை எடுங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எடுப்பார். எனக்கு அது நல்ல வேடிக்கை.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஐயா அந்தத் தராசில் என்னையும் நிறுத்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. எனக்கு ஒன்பது வயதான வருடம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கூழோ எள்ளுப்பாகோ எது கிடைத்தாலும் தம்பியின் பங்கையும் சேர்த்துத் தின்றேன். அம்மா என் பாவாடை மடிப்பை இரண்டு தடவை அவிழ்த்துவிட்டார். வாடைக்காற்றோடு மலையாளக் கரைக்குத் தோணி புறப்பட இருந்த காலையில், வயிறு முட்டத் தண்ணீரும் குடித்துவிட்டுக் கிட்டங்கிக்குப் போனேன்.

ஐயா என்னைத் தூக்கித் தட்டில் இருத்தினார். மறுதட்டில் அரை அந்தர்ப் படிக்கல்லை வைத்து, அதன் அருகிலேயே நின்றுகொண்டார். நான் சங்கிலியை இறுகப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தேன். என் தட்டு கொஞ்சம் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது.

“இன்னும் கொஞ்சம் குறையுது, பிள்ளை. அடுத்த முறை பாப்பம்.”

கிட்டங்கிக்காரர் நிலத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், புகையிலைக் கட்டுகளின் பக்கம் திரும்பிவிட்டார். நான் என் உடம்பையே திட்டித் திட்டி அழுதேன். ஐயா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அரை அந்தர் தேறாத பிள்ளையைச் சுமக்க அவருக்கு ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்று நான் யோசிக்கவில்லை.

அந்தத் தோணி திரும்பி வரவில்லை. அம்மா வெகுநாள் கரைக்குப் போய் நின்றார். தூரத்தில் ஒரு பாய் தெரிந்தால் நான் வீட்டுக்கு ஓடிவந்து இரண்டு கோப்பை சோறு தின்பேன். வந்ததும் நிறுப்பாரே.

கடலை அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கமக்காரர் பார்க்கிற இடத்தை அன்று நான் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால், ஐயா, காலை எடுங்கோ என்று சொல்லியிருப்பேன். எல்லாம் விளங்கிவிட்ட இந்த வயதிலும், சொல்லியிருக்கலாமே என்றுதான் மனம் ஏங்குகிறது.