துடைத்து வைத்த கடை

யார் வந்து நின்றாலும், துணிகளை ஆல்டர் செய்து கொடுக்கும் எங்கள் தெரு ஆல்டர் அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை. பேண்ட்டின் அடிமடிப்பைத்தான் பார்க்கிறார். "ரெண்டு இஞ்ச் ஏத்தணும், குடுத்துட்டுப் போங்க" என்பார். வழி கேட்க வந்தவர்கள்கூடத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனதுண்டு. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசிகள். அவற்றோடேயே பேசுவார், சிரிப்பார், சண்டையும் போடுவார்.

மாடிப்படிக்கு அடியில் கடை. கிழிந்தது, பிரிந்தது, உடம்பு பெருத்தவர்களுக்குப் போதாமல் போனது எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அக்காவின் மிதி மிஷின் ஜீன்ஸைக் கண்டால் முரண்டு பிடிக்கும், ஊசி ஒடியும். ஜீன்ஸோடு வருகிறவர்களை மனசே இல்லாமல் அடுத்த தெருவுக்கு அனுப்புகிறார். "இப்படியே அனுப்பிட்டிருந்தா ஒருநாள் கடையைச் சாத்திட்டு நானும் பின்னாடியே போக வேண்டியதுதான்."

மோட்டார் மிஷின் வாங்க அரசு மானியத்தோடு வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். போன வருஷம் ஏதோ சான்றிதழ் குறைகிறதென்று திருப்பிவிட்டார்கள். இந்தத் தடவை, வங்கி அதிகாரி கடையை நேரில் பார்த்து, தொழில் நடக்கிறது என்று எழுதினால்தான் உண்டு.

"வியாழக்கிழமை வராராம்." மூன்று நாளாக அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பேண்ட்டை இரண்டு தடவை வெட்டி, அதை டவுசராக்கிவிட்டார்.

அந்தப் பதற்றத்தில்தான், விருந்தாளிக்கு வீட்டை ஒழிப்பது போலக் கடையை ஒழித்தார். மூட்டைகளெல்லாம் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போயின. தரையில் ஒரு நூல் துணுக்கு இல்லை. லீவு போட்ட கணவர் இஸ்திரி கலையாத புதுச் சட்டையில் விறைப்பாக நின்றார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "ஏம்மா, இங்க வேலை நடக்கிற மாதிரியே தெரியலையே?"

"நிறைய இருக்கு சார். நீங்க வரீங்கன்னு பக்கத்து வீட்டுல எடுத்து வச்சுட்டேன்."

"காட்டுங்க."

"அவங்க... பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க சார்."

எனக்கே பகீரென்றது. அதிகாரி பேனாவை மூடினார். "வெறும் மிஷினைப் பார்த்துட்டு நான் என்னம்மா எழுதறது?"

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. காலி மேசையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "ஒரே நிமிஷம் சார்!" என்று கணவரை இழுத்து நிறுத்தி, அந்தப் புதுச் சட்டையின் தோள் தையலைச் சர்ரென்று பிரித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டையைக் கழற்றி வாங்கி, மிஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார்.