கர்சர் பறக்குது மேடம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில்ல கம்ப்யூட்டர் கெட்டுப்போறது ரொம்பக் குறைவு. அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு அதைப் பிடிக்காமப் போறதுதான் ஜாஸ்தி. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின்னு வீடு வீடா ஏறி இறங்குற சக ஜீவன்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியணும்னு இல்ல. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"ங்கிற வார்த்தையைக் காதால கேட்டவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்கதான்.

என் கடை கரையான்சாவடி மெயின் ரோட்ல, சாவி போடுற பாபு கடைக்கு மேல் மாடியில இருக்கு. பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, லினக்ஸ் போட்டுக் குடுக்கிறது என் பொழப்பு. லினக்ஸ்னா பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டம், காசு குடுக்காமப் போட்டுக்கலாம், அவ்வளவுதான். நல்லா ஓடும். ஆனா போட்டுக் குடுத்த மறுநாள் போன் வரும். மவுஸை நகர்த்தினா திரையில ஒரு அம்பு போகுதே, கர்சர், அது பறக்குதுன்னு ஒருத்தர் சொல்லுவாரு, நகரவே மாட்டேங்குதுன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செட்டிங்ஸ்ல ஒரு கோடு இருக்கு, அதுல ஒரு குமிழ் இருக்கு, இழுத்தா தீர்ந்துச்சு. தீர்ந்துச்சுன்னு நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்.

கண்ணாடி மேசை

பூந்தமல்லியில ஒரு பெயிண்ட் கடை. ஓனர் போன் மேல போன். கர்சர் நிக்குது, திடீர்னு தாவுது, வேகத்தைச் சரி பண்ணுங்கன்னாரு. கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன், ஒண்ணும் ஆகல. சரின்னு நேர்ல போனா, மேசை மேல புதுசா பளபளன்னு கண்ணாடி போட்டு வச்சிருக்காரு. மவுஸுக்கு அடியில ஒரு வெளிச்சம் இருக்கு பாருங்க, அதுக்குக் கண்ணாடி ஆகாது, தான் நகர்றதே அதுக்குத் தெரியாது. அவர் கடையிலயே கிடந்த பெயிண்ட் கலர் அட்டை ஒண்ணை எடுத்து அடியில வச்சேன், வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. நன்றி சொல்லுவாருன்னு பாத்தா, மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு.

"அட்டை போட்டு மூடறதுக்கா மேடம் இவ்ளோ ஆசையா கண்ணாடி வாங்கினேன்? பேசாம கம்ப்யூட்டரை மாத்திக் குடுத்துடுங்க."

ஒரு குழாய், ஒரு பாஸ்வேர்ட்

இனி வர்றது எல்லாம் திருவேற்காட்டுல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல நடந்தது. கீழ்த்தளத்துல எல்லாருக்கும் பொதுவா ஒரு வாசிப்பறை. அதுல ஒரே ஒரு கம்ப்யூட்டர், நான் லினக்ஸ் போட்டது. சங்கச் செயலாளர் குணசேகரன் சார், ஆவடி ஃபேக்டரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஆளுக்கு ஒரு லாகின் போட்டுத் தர்றேன் சார், அவங்கவங்க வச்ச செட்டிங்ஸ் அவங்கவங்களுக்கு இருக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாஸ்வேர்டை மறந்துட்டு எல்லாரும் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்கன்னு சொல்லி அவர் ஒத்துக்கவே இல்ல. எல்லாருக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட், அதையும் சுவத்துல எழுதி ஒட்டியாச்சு.

"ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல அத்தனை குடும்பம் ஒரே குழாயில தண்ணி பிடிச்சோம், ஒரு நாள் சண்டை வந்ததில்லம்மா."

பின்னாடி நின்னுக்கிட்டிருந்த அவர் சம்சாரம் அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அதுலயே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும்.

காலையில ஆமை, சாயங்காலம் ராக்கெட்

காலையில சார் கம்ப்யூட்டர்ல பேப்பர் படிக்க வருவாரு. மவுஸைப் பிடிச்சாருன்னா பஸ் ஸ்டியரிங் திருப்புற மாதிரி ஒரு வீச்சு. கர்சர் மூலைக்கு ஓடிப்போய் ஒளிஞ்சுக்கும். அதனால குமிழைக் கடைசி வரைக்கும் இடது பக்கம் இழுத்து, ஆமை வேகத்துல வச்சுட்டுப் போயிடுவாரு. சாயங்காலம் அஞ்சாவது மாடி கார்த்திக் வருவாரு, கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. வீட்ல குழந்தைங்க சத்தம், கீழதான் நிம்மதின்னு வந்து உக்காருவாரு. அவருக்கு மணிக்கட்டை அசைச்சாலே திரையோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போகணும். குமிழை வலது கோடிக்குத் தள்ளிட்டுப் போயிடுவாரு. மறுநாள் காலையில சார் ஒரு வீச்சு வீசினா கர்சரைத் தேடவே பாதிப் பேப்பர் நேரம் போயிடும். உடனே எனக்கு போன்.

போனேன், நடுவுல வச்சுட்டு வந்தேன். ரெண்டு பேருக்குமே பிடிக்கல. திரும்ப போன். ஷேர் ஆட்டோவுல போறதும் வர்றதுமா என் பொழுது போச்சு. படியிறங்கும்போதெல்லாம் பாபு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"இன்னாக்கா, காலைலதானே போய்ட்டு வந்தே, மறுக்காவும் போய்கினு கீறியா? பேசாம அங்கயே ஒரு ஊடு பாத்துக்கோ."

பெட்டி போடுற வேலை

மத்தியானம் வாசிப்பறையில ஆள் இருக்காது. அப்ப ஒருத்தர் மட்டும் வருவாங்க, ரெண்டாவது மாடி மேகலா. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி வேலைக்குப் போனவங்க, பிள்ளைங்க வளர்ற வரைக்கும் வீட்லயே இருந்துட்டாங்க. இப்ப மறுபடி போகலாம்னு பாத்தா, போற இடத்துல எல்லாம் நடுவுல ஏன் இத்தனை வருஷ இடைவெளின்னு ஒரே கேள்வி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி மட்டும் அதைக் கேக்கல. அங்க வேலை என்னன்னா, ரோட்டுப் படங்கள் வரும், அதுல இருக்கிற கார், ஆட்டோ, ஆள், மாடு எல்லாத்தையும் சுத்தி மவுஸால பெட்டி வரையணும், எது கார், எது மாடுன்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கவாம். உடம்பை ஒட்டி வரையணும், கோடு வெளியேவும் போகக்கூடாது, உள்ளேயும் வெட்டக்கூடாது. ஒரே ஒரு டெஸ்ட். வயசு வேண்டாம், சர்டிஃபிகேட் வேண்டாம், கை மட்டும் நிதானமா இருந்தாப் போதும்னு சொல்லிட்டாங்களாம். இதை விட்டா இன்னொரு இடம் இப்படிக் கேக்காமக் கூப்பிடாதுன்னு சொன்னாங்க.

பெட்டி போட்டுப் பழக ஒரு இலவச சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்தேன். ஆனா பழகுறது எங்க? ஒரு நாள் சார் வச்சுட்டுப் போன ஆமை, ஒரு பெட்டி போட மவுஸை இழுத்தா மேசை பத்தல. சார் வராத நாள்ல முந்தின சாயங்காலத்துக் கார்த்திக்கோட ராக்கெட், ஆட்டோவைச் சுத்தப் போன கோடு பக்கத்துல நிக்கிற லாரியையும் சேர்த்துப் பிடிச்சுடுது. செட்டிங்ஸ்ல கை வைக்க அவங்களுக்குப் பயம், பொதுச் சொத்தாச்சே. ஒரு மத்தியானம் நான் போனப்ப கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"நடுங்கறது என் கையா, இல்ல இந்த மிஷினா, அதை மட்டும் மறைக்காமச் சொல்லிருங்க மேடம்."

நேத்தோட சரி

அன்னைக்கு எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ரோஷம். குமிழ் இருந்தாத்தானே இழுப்பீங்க, இருங்கடான்னு, டெர்மினல்னு ஒரு கறுப்புத் திரை இருக்கு, அதைத் திறந்து, கட்டளை அடிச்சு, வேகத்தை நேரா நடுவுல நிறுத்தினேன். குமிழை இழுத்தாலும் அசையல. மேகலாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன், பெட்டி எல்லாம் அளவெடுத்துத் தச்ச மாதிரி விழுந்துச்சு. காலரைத் தூக்கி விட்டுக்காத குறைதான். ஆனா ஒண்ணை மறந்துட்டேன். அந்தக் கட்டளை கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கிற வரைக்கும்தான் செல்லும், அணைச்சுப் போட்டா போயிடும். அந்தக் குடியிருப்புல வாட்ச்மேன் தினமும் வாசிப்பறை மெயினையே அணைச்சுட்டுத்தான் பூட்டுவாரு. காலையில சார் வந்து ஆன் பண்ணினா, கார்த்திக்கோட ராக்கெட் கம்பீரமா நிக்குது.

"நீங்க நேத்து சரி பண்ணினது நேத்தோட சரியாம்மா?"

தொடாதீர்கள்

சரி, மிஷின்கிட்ட தோத்தாலும் மனுஷங்ககிட்டப் பேசிப் பாப்போம்னு, "கர்சர் வேகத்தை யாரும் மாற்றாதீர்கள்"னு கொட்டை எழுத்துல எழுதி மானிட்டர் மேல ஒட்டிட்டு வந்தேன். இதை மட்டும் நீங்க உங்க தொழில்ல செஞ்சுடாதீங்க. அதுவரைக்கும் ரெண்டு பேர்தான் மாத்திக்கிட்டிருந்தாங்க. மத்தவங்க விதியேன்னு இருந்தாங்க. நோட்டீஸைப் பாத்ததும் மொத்தக் குடியிருப்புக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. ஆளாளுக்கு இழுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் கர்சரோட சைஸையே எலுமிச்சம்பழ அளவுக்குப் பெருசாக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. லிஃப்ட்ல ஒரு அம்மா என்னைப் பிடிச்சு நிறுத்தி உரிமையோட கோவிச்சுக்கிட்டாங்க.

"இதை மாத்தலாம்னு இத்தனை நாளா ஏன் மேடம் எங்ககிட்ட மறைச்சீங்க?"

நாலு மாடு

டெஸ்ட்டுக்கு முந்தின நாள். குணசேகரன் சார்கிட்டப் போய், இந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் ஒரு தனி லாகின் போட்டுடுறேன் சார், அவங்க வாழ்க்கைப் பிரச்சினைன்னு கெஞ்சினேன். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும், பொதுக்குழுவுல வைக்கணும்னு சட்டம் பேசினாரு. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. உங்க குழாயும் நீங்களும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, விழுங்கிட்டேன். வெளிய வந்து மேகலாகிட்ட முடியலம்மான்னு சொல்லும்போது எனக்கே அழுகை வந்துச்சு.

அவங்க பதறவே இல்ல. வாங்கன்னு உள்ள கூட்டிப்போய் உக்காந்தாங்க. அன்னைக்கு யாரு வச்ச வேகமோ, அம்புக்கு மூக்கணாங்கயிறு அறுந்த ஓட்டம். ஒரு படத்தைத் திறந்தாங்க, ரோட்ல நாலு மாடு படுத்திருக்கு. முதல் மாட்டுக்குப் போட்ட பெட்டி கோணல். ரெண்டாவது கொஞ்சம் தேவலை. மூணாவது பரவாயில்ல. நாலாவது மாட்டுக்கு வாலோட சேர்த்து அளவா விழுந்துச்சு. நான் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

"தினம் உக்காந்ததும் இப்படி நாலு பெட்டி போட்டுப் பாத்துக்கிடுவேன் மேடம், அதுக்குள்ள அன்னைக்கு வேகம் கைக்குப் பிடிபட்டிரும். நீங்க யாருகிட்டயும் சண்டைக்குப் போவாதீங்க."

அம்பத்தூர்

டெஸ்ட் அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. ஒரு லேப்டாப்பைப் பிரிச்சு வச்சுட்டு அதுக்கு முன்னாடி சும்மா உக்காந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல போன் வந்துச்சு. பின்னாடி பஸ் சத்தம், அவங்க குரலே கேக்கல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விளங்குச்சு. அங்கயும் லினக்ஸ்தானாம். முதல்ல உக்கார வச்ச மிஷின்ல கர்சர் ஊர்ந்துச்சாம். பாதியில யு.பி.எஸ். படுத்துடுச்சு, எல்லாரையும் வேற வரிசைக்கு மாத்திட்டாங்க. அங்க பறந்துச்சாம். செட்டிங்ஸைப் பூட்டி வச்சிருக்காங்க, யாரும் தொட முடியாது. சின்னப் பசங்க பொண்ணுங்க எல்லாம் கையைத் தூக்கி, மவுஸ் சரியில்ல, மாத்திக் குடுங்கன்னு நின்னுக்கிட்டிருந்தாங்களாம். இவங்க மட்டும் நாலு பெட்டியைப் போட்டுப் பாத்துட்டு வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்களாம்.

நான் போட்ட சத்தத்துல கீழருந்து பாபு, ஷாக் அடிச்சுடுச்சோன்னு ஓடி வந்துட்டாரு. விஷயத்தைச் சொன்னதும் டீ வாங்கப் போயிட்டாரு. போன்ல மேகலா இன்னும் பேசிக்கிட்டிருந்தாங்க.

"எனக்கு ஒண்ணும் புதுசா தெரியல மேடம். முதல் மிஷின் நம்ம செயலாளர் சார், ரெண்டாவது மிஷின் கார்த்திக் தம்பின்னு நினைச்சுக்கிட்டேன்."

பொதுக்குழு

அப்புறம் பொதுக்குழு கூடி, ஆளுக்கு ஒரு லாகின்னு தீர்மானம் போட்டாங்க. கொண்டு வந்தது யாருங்கிறீங்க, குணசேகரன் சார் சம்சாரம். அந்தக் குவார்ட்டர்ஸ் குழாயடியில யாரு யாரு குடத்தை உருட்டி விட்டாங்கன்னு அத்தனை பேர் முன்னாடியும் பேர் சொல்லி அவங்க விளக்கினதுல சாரே முதல் ஆளாக் கையைத் தூக்கிட்டாருன்னு கார்த்திக் சொன்னாரு. நான் போய் அந்தப் பொது லாகினை எடுத்துட்டு, எல்லாருக்கும் தனித்தனியாப் போட்டுக் குடுத்தேன். அவரவர் வேகம் அவரவருக்கு. போன் நின்னு போச்சு. திருவேற்காட்டுல மின்சாரம் இருக்கா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாம நாள் போச்சு, அவ்வளவு நிம்மதி.

இன்னைக்குச் சாயங்காலம் மேகலா கூப்பிட்டாங்க. வேலை நல்லாப் போகுதாம், முதல் சம்பளத்துல தனக்குன்னு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கிட்டாங்களாம். அவங்க எதிர் வீட்டு அம்மாவுக்கும் அதே கம்பெனியில டெஸ்ட் வந்திருக்காம், நாளையிலருந்து வாசிப்பறையில பழக வர்றாங்களாம். அவங்க லாகின்லயும் வேகத்தை அழகா நடுவுல வச்சுக் குடுத்துடுறேன்னு நான் பெருமையாச் சொன்னேன்.

"ஐயோ, வேண்டாம் மேடம், அப்புறம் அவங்க கை எப்படிப் பழகும்? எல்லாரும் மாத்தி மாத்தி வைப்பாங்களே, அந்தப் பழைய லாகினையே திரும்பப் போட்டுக் குடுத்திருங்க."

ஆக, இத்தனை வருஷத் தொழில்ல யாருமே குறை சொல்லாத மாதிரி நான் செஞ்சு குடுத்தது ஒண்ணே ஒண்ணு, அதைப் பழையபடி கெடுத்துக் குடுக்கத்தான் நாளைக்குக் காலையில திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன்.