எந்த மரத்தின் அடியில்

என் கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்த சண்டை நகைக்காகவோ சீருக்காகவோ நடந்ததல்ல. என் தாத்தாவும் பாட்டியும் எந்த மரத்தின் அடியில் படுத்திருக்கிறார்கள் என்பதற்காக நடந்தது. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்று எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏற்காட்டில், கிளியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில் பிறந்தவள் நான். வெள்ளைக்காரத் துரைகளின் காலம். அப்பாவைப் பெற்றவர்கள், மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், சேலத்துக்குத் தெற்கே எங்கிருந்தோ இரண்டு பிள்ளைகளோடு நடந்தே மலையேறி வந்தவர்கள். வந்த சில வருஷங்களிலேயே குளிர்காய்ச்சல் இருவரையும் அடுத்தடுத்துக் கொண்டுபோய்விட்டது. அப்போது என் அப்பாவுக்கு அரைஞாண் கயிற்றோடு திரிகிற வயது. அத்தை அவருக்கு மூத்தவள். கூடவே மலையேறி வந்த பங்காளிப் பெரியவர் ஒருவர்தான் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தினார்.

அடக்கம் செய்ததும் அவர்தான். தோட்டத்துக்கு மேலே அப்போது வெறும் புதர்க்காடு. அங்கே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். கீழ்நாட்டில் என்றால் தலைமாட்டில் ஒரு கல் நடுவார்கள். மலையில் கல் தங்காது. சரிவில் மண் அரிக்காமல் தடுப்புக் கட்ட எஸ்டேட்காரர்கள் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போவார்கள். அதனால் பெரியவர் நாற்றங்காலிலிருந்து ஒரு சில்வர் ஓக் கன்றைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டாராம். “கல்லைப் புடுங்குவாங்க. நெழல் மரத்த எவனும் தொட மாட்டான்” என்றாராம். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், ஆகவே துரை இருக்கும்வரை மரமும் இருக்கும் என்பது அவர் கணக்கு. கெட்டிக்கார மனிதர்தான்.

சில வருஷங்களில் துரை அந்தப் புதர்க்காட்டையும் திருத்திக் காப்பி வைத்தார். நிழலுக்குச் சரிவு முழுக்கச் சில்வர் ஓக் நட்டார். எல்லாம் ஒரே மாதிரி நெட்டையாக வளர்ந்தன. மறைத்து வைக்க நினைத்தார் பெரியவர். நன்றாகவே மறைந்துபோனது.

அப்பாவுக்குத் தன் மரம் தெரியும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் தனியாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வருவார். பழம் பறிக்கும் காலத்தில் அந்த மரத்தைச் சுற்றியுள்ள செடிகளில் என் அம்மா கை வைக்க மாட்டாள். “ஏம்மா, இந்தச் செடியில பழம் இனிக்காதா?” என்று மேஸ்திரி சத்தம் போடுவார். அம்மா காது கேளாதவள்போல அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.

அத்தை கல்யாணமாகி மஞ்சக்குட்டைக்குப் போனவள். அவள் ஆடி மாதம் பிறந்தகம் வரும்போது போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள், அவளும் தனியாகத்தான். அக்காவும் தம்பியும் ஒரு முறையாவது சேர்ந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த அத்தை மகனுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. மாசியில் நாள் குறித்தார்கள். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தக்கால் நடும் குழியில், தாத்தா பாட்டி படுத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து போட வேண்டும். அவர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த மண் விழாமல் தாலி ஏறாது. எங்களுக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாத்தா பாட்டி, ஒரு பிடி போதும் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

அது யுத்த காலம். சாமான் அனுப்பும் பெட்டிகளுக்குப் பலகை வேண்டுமென்று மேல் சரிவில் உள்ள மரங்களை வெட்ட உத்தரவு வந்தது. ஒரு வாளித் தாரோடு ஆள் வந்து, வெட்ட வேண்டிய மரங்களுக்கெல்லாம் கறுப்புப் பட்டை போட்டுவிட்டுப் போனான். அப்பா பார்த்துவிட்டு வந்து சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் போய் நின்றார். “ஏனுங்க சாமி, அது எங்கப்பன் ஆத்தா படுத்திருக்கிற எடமுங்க. அந்த ஒரு மரத்த மட்டும் உட்டுறச் சொல்லுங்க.” ரைட்டர் முதலில் முடியாது என்றார். பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது போலும், துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். துரை மறுத்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். அவரோ சம்மதித்துவிட்டார். “ஒரு மரந்தானே? நான் வர்றேன், காட்டு” என்றாராம்.

துரை வருகிற அன்று லயனே மேட்டில் கூடிவிட்டது. கல்யாண வேலைக்கென்று வந்திருந்த அத்தையும் வந்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். கல்யாணப்பெண் என்றால் வாய் திறக்கக் கூடாது, எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

அப்பா நேராகப் போய் ஒரு மரத்தின் மேல் கையை வைத்தார். “இதானுங்க தொரை.”

“தம்பி, அது இல்ல!” என்றாள் அத்தை. எல்லோரும் திரும்பினோம். அவள் சற்றுத் தள்ளி, மேல் வரிசையில், வேறொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இதுதான். என்ற கண்ணாலத்துக்குப் பெரிப்பா என்னைக் கூட்டியாந்து இந்த மரத்தடியிலதான் மண்ணு எடுத்துக் குடுத்தாரு.”

“நாந்தானுங்க்கா மொதப் புடி மண்ணு தள்ளுனேன். கன்னு நடறப்ப கூட நின்னவன் நானு.”

“நீ அப்ப பொடிப்பய. உனக்கென்ன தெரியும்?”

“பொம்பளைங்களச் சுடுகாட்டுக்கு உடுவாங்களா? நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. மண் தள்ளியது அப்பா, ஆனால் ஐந்து வயதில். மண் வாங்கியது அத்தை, ஆனால் பெரியவருக்குக் கண் மங்கிய பிறகு. தீர்த்துச் சொல்ல வேண்டிய பெரியவர் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

துரை இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ரைட்டரிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். “ரெண்டு பேரும் பேசி ஒண்ணைச் சொல்லுங்க. ஒண்ணுதான். நாளைக்குக் காலையில ஆள் வந்துரும்” என்றார் ரைட்டர்.

அன்று பூராவும் அம்மா இருவரிடமும் கெஞ்சினாள். “ஏனுங்க அண்ணி, எதையாச்சும் ஒண்ண ரெண்டு பேருஞ் சேந்து சொல்லுங்க. ஒரு மரமாச்சும் மிஞ்சட்டும்.” யாரும் அசையவில்லை. பிடிவாதம் என்று அன்று நினைத்தேன், ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது புரிகிறது. அக்கா சொல்வது சரி என்று அப்பா ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷமாக அவர் வெற்றிலை வைத்தது வெறும் மரத்துக்கு. தம்பி சொல்வது சரி என்றால் அத்தைக்கும் அதே கதி. யாரால் அதைச் சொல்ல முடியும்?

காலையில் கோடாரிகள் வந்தன. ரைட்டர் ஒரு முறை அப்பாவின் முகத்தைப் பார்த்தார், ஒரு முறை அத்தையின் முகத்தைப் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் அப்பாவின் மரம் விழுந்தது. சாப்பாட்டு வேளைக்குள் அத்தையுடையதும் விழுந்தது. அடிமரம் இரண்டும் ஒரே மாதிரி வெளுப்பாக, ஈரமாக இருந்தன. எதிலும் எந்த அடையாளமும் இல்லை. நான் அழுதேன். யாருக்காக என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அதன்பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டாள். அத்தையின் மரத்து மண் விழாவிட்டால் மகன் பந்தலுக்கு வரமாட்டான் என்று மஞ்சக்குட்டையிலிருந்து செய்தி வந்தது. “அந்த மண்ணு உழுந்தா நான் பந்தல்ல இருக்க மாட்டேன்” என்றார் அப்பா. கல்யாணம் நின்றுவிடும் என்றே லயனில் பேச்சு. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அம்மா ஒருத்தியாகவே கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். இரண்டு அடிமரத்தின் கீழிருந்தும் ஒவ்வொரு பிடி மண் எடுத்து, ஒரே மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். “ஒண்ணு நம்மாளு. இன்னொண்ணு ஆரோ எவரோ. அவியளும் வந்து கண்ணாலம் பாத்துட்டுப் போவட்டும்” என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யோசனை சொல்ல ஆள் இல்லை.

முகூர்த்தக்கால் நட்ட அன்று இருவரும் வந்தார்கள். குழிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அத்தை. அம்மா முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு மண்ணும் கலந்து ஒரே செம்மண்ணாக இருந்தது. அதைக் குழியில் கொட்டியதும் அத்தை உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளுக்குப் பிறகு தம்பியிடம் பேசினாள்.

“தம்பி, அப்பன் மொகம் உனக்கு நெனப்பிருக்குதா?”

“இல்லீங்க்கா.”

“எனக்கும் இல்லடா சாமி. மலை ஏறி வரையில எனக்கு முன்னால போன முதுகு மட்டுந்தான் தெரியுது.”

அப்பாவும் அவளுக்கு எதிரே குழியோரத்தில் குந்தினார்.

“நான் அந்த முதுகு மேலதானுங்க்கா வந்தேன்” என்றார்.