மண்ணெண்ணெய்ப் பிறிட்ஜும் மாமாவின் கண்ணாடியும்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கண்ணாடி. ஓரமெல்லாம் ரசம் உரிந்து, புகையேறி மங்கிக் கிடக்கிறது. முகம் பார்க்க உதவாது. அது முகம் பார்க்க வாங்கியதும் அல்ல. என் கணவரின் தகப்பனார், நான் மாமா என்று அழைத்தவர், விடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, இந்தக் கண்ணாடியை மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டிக்கு, எங்கள் பிறிட்ஜுக்கு, அடியில் நீட்டி நெருப்பின் நிறம் பார்ப்பார். நீலமென்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். மஞ்சளென்றால் தொலைந்தோம்.

நிலாவெளியில் எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் வராத காலம் அது. மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஓர் அதிகாரியின் வீட்டிலிருந்து அந்த மண்ணெண்ணெய்ப் பிறிட்ஜை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். மாமிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி இல்லாமல் ஏலாது. மருந்து வெக்கையில் கிடந்தால் கெட்டுப்போகும். மனைவியின் உயிரைக் காக்கத்தான் அவர் வாங்கினார், அதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வாங்கியதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்? ஹோலில்! கடலைப் பார்த்த வாசலுக்கு நேரே, திருஇருதயப் படத்துக்குக் கீழே. ஊரில் பிறிட்ஜ் இருந்த மற்ற ஒன்றிரண்டு வீடுகளிலும் அது ஹோலில்தான் நின்றது. வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

நெருப்பு மூட்டிக் குளிர் எடுக்கிற பெட்டி அது. கீழே தாங்கியில் மண்ணெண்ணெய், அதில் ஒரு திரி, திரிக்கு மேலே சிமினி. அந்தச் சூட்டில் குழாய்களுக்குள் இருப்பது கொதித்து ஓடி, பெட்டிக்குள் இருக்கும் வெக்கையைப் பிடுங்கிப் பின்பக்கத்தால் வெளியே விடும். சுவாலை அசையாமல் நீலமாக நின்றால்தான் இந்த வித்தை நடக்கும். காற்றுப் பட்டால் சுவாலை ஆடும், மஞ்சளாகும், சிமினிக்குள் கரி அடைக்கும். பிறகெங்கே குளிர்? கலியாணமாகி அந்த வீட்டுக்குப் போன கையோடு எனக்கு இது விளங்கிவிட்டது.

"மாமா, வாசலால காத்து அடிக்குது. குசினிக்குள்ள மாத்துவமே?" என்று அடுப்படிப் பக்கம் கை காட்டினேன்.

"பிறிட்ஜைக் குசினிக்குள்ள வைக்கிறதோ? என்ன விசர்க்கதை கதைக்கிறீர், பிள்ளை!"

கதை அத்தோடு முடிந்தது. வாசற்கதவைச் சாத்தச் சொன்னால் புழுங்குமாம். திரியை வெட்டுவார், மறுபடி வெட்டுவார். மட்டம் சரியில்லை என்று காலுக்கடியில் மட்டையை மடித்துச் செருகுவார். மண்ணெண்ணெய்க்குள் தண்ணீர் கலந்துவிட்டான் என்று கடைக்காரனை ஏசுவார். ஒன்றும் சரிவராவிட்டால் குற்றம் என் தலையில் விழும்: நான் கதவைத் திறந்து திறந்து குளிரை வெளியே விடுகிறேனாம்! மாதா கோயில் சுவாமியார் வந்தால் மாமா அந்தப் பெட்டிக்குள் வைத்த வெதுவெதுத்த தண்ணீரைத்தான் கொடுப்பார். அவரும் குடித்துவிட்டு, "ஆ, நல்ல குளிர்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவரோ தகப்பனுக்கு முன்னால் வாய் திறவாதவர்.

இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது மாமியின் மருந்து. ஒவ்வொரு காலையும் மாமா தன் கையால் பெட்டியைத் திறந்து இன்சுலின் போத்தலை எடுத்துக் கொடுப்பார். மாமி அதைக் குசினிக்குள் கொண்டுபோய், ஊசியை அவித்து, யாரும் பார்க்காமல் தானே போட்டுக்கொண்டு வந்து போத்தலைத் திருப்பிக் கொடுப்பார். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். குளிரே இராது. கெட்ட மருந்தை ஏற்றிக்கொண்டு ஒருநாள் இந்த மனுசி விழப்போகிறார் என்று நினைத்தாலே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போதும் பாடம் பாதியில் நின்றுவிடும்.

ஓர் ஆவணி வெக்கையில் பெட்டி அடியோடு நின்றுபோனது. மாமாவுக்கு யாரோ கடைசி வைத்தியம் ஒன்று சொன்னார்கள்: தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் குழாய்க்குள் அடைத்து நிற்பது இளகி ஓடுமாம். கரைவலை இழுக்கிறவர்களைக் கூட்டிவந்து கவிழ்த்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், பிறிட்ஜ் கால்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, இன்சுலின் போத்தல் மேசையில் வெயில் காய்கிறது.

"கோதாரி விழுந்த பெட்டி!" என்று கத்தினேன். "மாமியைச் சாகக் குடுக்கப் போறியளோ?"

மாமா கண்ணாடியைச் சாரத்தால் துடைத்துக்கொண்டே நின்றார். நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஐஸ் தேடிப் பட்டணத்துக்கு பஸ் ஏறப் புறப்பட்டேன். மாமி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போனார். அடுப்பிலிருந்து தள்ளி, மூலையில், ஈரமணல் நிரப்பிய ஒரு மண்பானை. மணலுக்குள் ஒரு சட்டி. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இன்சுலின் போத்தல், தொட்டால் சில்லென்று.

"ஆஸ்பத்திரி நேர்ஸ் சொல்லித் தந்தவ. நான் ஒருநாளும் மருந்தைப் பிறிட்ஜுக்குள்ள வச்சதில்லை, பிள்ளை."

"அப்ப இது?" என்று கையிலிருந்ததைக் காட்டினேன்.

"பழைய போத்தல். தண்ணி விட்டு வச்சனான்." குரலை இறக்கினார். "எனக்கெண்டுதானே வாங்கினவர். தெரிஞ்சா மனிசன் உடைஞ்சு போயிரும். நீர் சொல்லிப் போடாதையும்."

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு மனிதர் தினமும் தரையில் படுத்தெழும்ப, நான் பயத்தில் வேக, இவர் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கொடுத்து விளையாடியிருக்கிறார்! ஒரு கிழமை மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமாவோ பெட்டியை நிமிர்த்தி, மறுபடி திரியைக் கொளுத்தினார்.

வருடங்கள் கழித்து மாமி ஒரு மாரிக் காய்ச்சலில் போனார். சீனி வருத்தம் அவரைக் கொண்டுபோகவில்லை. பிறகு எங்கள் தெருவுக்கும் மின்சாரம் வந்தது. இன்று என் பிறிட்ஜ் குசினிக்குள் நிற்கிறது, ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழுதானால் வருகிற பையன் திறந்துகூடப் பார்க்காமல், "புதுசு வாங்குங்கோ அம்மா" என்கிறான். அவனோடும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவன் போனபின் அலுமாரியிலிருந்து இந்தக் கண்ணாடியைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

மாமி போனபின்னும் மாமா பெட்டியை அணைக்கவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்து, குனியவும் முடியாமல் கதிரையில் சாய்ந்தபடியே இருந்தார். பெட்டிக்குள் அந்தத் தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது. ஒருநாள் காலை கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"அவ இருக்குமட்டும் மருந்தைக் கெட விடேல்ல நான். என்ன, பிள்ளை?"

மாமியின் மண்பானைக் கதை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு தரையில் படுத்தேன்.

"பாரும், என்ன நிறம்?"

வாசலால் கடற்காற்று வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் சுவாலை மஞ்சளாக ஆடி, கரியைக் கக்கிக்கொண்டிருந்தது.

"நீலம், மாமா," என்றேன். "நல்ல நீலம்."