கம்பெனிச் செப்புக்காசும் புளித்தண்ணீரும்

பழைய காசு விற்கிறவளுக்கு எதிரிகள் இரண்டு பேர்: எல்லாம் தெரிந்த வாடிக்கையாளர், சுத்தம் பார்க்கும் கணவர். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு வெயிலில் காய்ந்த சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் பர் துபாயில் விற்றது அரசாங்கக் காசுகூட இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சில்லறை கிடைக்காமல், இலங்கைக் காபித் தோட்டக் கம்பெனிக்காரர்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக்காசு. மாமனார் ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சூயிங்கம்

எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகை வைத்திருந்த மலையாளி, "கம்பெனிக்காரன் அடிச்சா அது காசா?" என்று சிரித்தார். "இருபத்தைந்து ஃபில்ஸ் மீதிக்குச் சூயிங்கம் நீட்டுகிறீர்களே, அதை எந்த அரசாங்கம் அடித்தது?" என்றேன். அவர் அசரவில்லை.

"சேச்சி, அத மென்னாவது துப்பலாம்."

சோஹார் போன்

ஓமானில் சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வம், என்னிடம் தோட்டக் காசு இருப்பதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். ஊர் மாத்தளை. பூட்டனுக்கும் முந்தின தலைமுறை கப்பலேறி வந்து சேர்ந்த தோட்டத்தின் பெயரை அவர் அம்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு தோட்டமே கிடையாது, கிழவி உளறுகிறாள் என்று சொந்தக்காரர்களே கேலி பேசினார்களாம். என்னிடமிருந்த ஒரு காசில் முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போனது. மீதியெல்லாம் கருப்பட்டி நிறத்தில் மூடிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"இதுவும் இல்லேன்னா தேடுறத விட்டுறேன், அக்கா."

அடுக்களை

அந்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தால், என் வீட்டுக்காரர் டப்பாவைக் கவிழ்த்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பழைய காசைத் தேய்ப்பது அதன் தோலை உரிப்பது மாதிரி. அப்புறம் காசு சேர்க்கிறவன் எவனும் தொடமாட்டான். கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"குத்துவிளக்க மட்டும் நீ தேய்க்கலாமா?"

ஜன்னலோரம்

செல்வம் வந்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை. பளபளத்த காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார். கறுப்பு போன இடத்தில் தோட்டத்தின் பெயர் முழுசாக நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து மாத்தளைக்குப் போன் போட்டார்.

"அம்மா, தோட்டம் இருந்திருக்கு. கையில வச்சிருக்கேன்."

அன்றைக்கு நான் தப்பித்தேன் என்பது நிஜம்தான், ஆனால் தான் செய்ததுதான் சரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷனோடு இன்றைக்கும் குடித்தனம் நடத்துகிறவள் நான்தானே.